கலங்கியதைக் கொட்டிவிடாதீர்!

அறிவியல் அறிஞர் ஒருவருடைய ஆராய்ச்சியின் மதிப்பை அளக்க இன்று பல அளவுகோல்கள் வந்துவிட்டன. எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டினர், எத்தனை பதக்கங்கள் பெற்றார் என்று எண்ணிப் பார்த்துப் பட்டியலிடுகிறார்கள். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாணவியை எடைபோடுவது போன்றதுதான் இதுவும். அளவுகோலே வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் எந்த அளவுகோலிலும் அகப்படாத குணம் ஒன்று உண்டு. கண்டதைக் கண்டபடியே ஏற்றுக்கொள்ளும் நேர்மை அது. அந்தக் குணம் இல்லாத இடத்தில் ஆராய்ச்சி இல்லை. பாலிமர் துறையில் பெரும் புகழ் பெற்ற ஸ்டெபனி குவோலெக் என்ற அமெரிக்கப் பெண்மணியின் பணியை இதற்குச் சான்றாகக் காட்டி, நம் பள்ளி ஆய்வுக்கூடங்களைப் பற்றியும் மனத்தில் பட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தையல் ஊசியும் சோதனைக் குழாயும்

ஸ்டெபனி 1923ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ கென்சிங்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்து நாட்டு வழியினர். தந்தை வார்ப்பாலைத் தொழிலாளி. ஆயினும் இயற்கையின்பால் ஆறாத காதல் கொண்டவர். மகளைக் காட்டுவெளிகளுக்கு அழைத்துச் செல்வார். இலைகளையும் விதைகளையும் காட்டுப்பூக்களையும் சேகரித்து ஏடுகளில் ஒட்டிவைக்கும் பழக்கம் அச்சிறுமிக்கு அவரிடமிருந்து வந்தது. அவளுக்குப் பத்து வயதாகும்போது தந்தை மறைந்தார். குடும்பத்தைக் காக்கத் தாய் வேலைக்குச் சென்றார்.

துணியின் மீதும் தையலின் மீதும் உள்ள விருப்பம் தாயிடமிருந்து வந்தது. பொம்மைகளுக்கு உடை தைத்து விளையாடிய ஸ்டெபனி, ஆடை வடிவமைப்பாளராக வேண்டும் என்று கனவு கண்டார். எதையும் குறையின்றிச் செய்து முடிக்கும் வரை கீழே வைக்காத மகளின் குணத்தை அறிந்த தாயோ, இப்படி ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே இருந்தால் அந்தத் தொழிலில் பட்டினிதான் கிடக்க வேண்டும் என்று எச்சரித்தாராம். அந்தக் குணமே பின்னாளில் அவரை உலகறியச் செய்யப் போகிறது என்று அந்தத் தாய் அன்று எண்ணியிருப்பாரா?

பிறகு மருத்துவராக வேண்டும் என்ற ஆசை பிறந்தது. பிட்ஸ்பர்க் நகரில் பெண்களுக்கென அமைந்திருந்த மார்கரெட் மாரிசன் கார்னகி கல்லூரியில் படித்து 1946இல் வேதியியலில் பட்டம் பெற்றார். மருத்துவம் படிக்கப் பணம் போதவில்லை. சில ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் சேர்ப்போம் என்று டூபாண்ட் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வு நடத்தியவர் ஹேல் சார்ச் என்ற அறிஞர். இரண்டு வாரங்களில் பதில் சொல்வதாக அவர் கூற, வேறோர் இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் விரைவில் முடிவு தெரிந்தால் நல்லது என்று ஸ்டெபனி பணிவோடும் துணிவோடும் கேட்டார். சார்ச் உடனே செயலாளரை அழைத்து, அவர் கண்முன்னேயே நியமனக் கடிதத்தை எழுதச் சொன்னார். தற்காலிகம் என்று எண்ணி ஏற்ற அந்த வேலை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. மருத்துவக் கனவு நிறைவேறவில்லை. ஆனால் மருத்துவர் பலர் காப்பாற்றியதைவிட மிகுதியான உயிர்களைக் காப்பாற்றும் பேறு அவருக்குக் கிட்டியது.

செபமாலையும் பாலிமரும்

பாலிமர் என்ற சொல் பாடப்புத்தகத்தில் பலபடி என்று வருகிறது. கீழ்வகுப்புத் தங்கைகளுக்காக ஓர் உவமை சொல்கிறேன். செபமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி மணிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நீண்ட மாலையாகின்றன. அதுபோலச் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நெடுஞ்சங்கிலியே பாலிமர். நாம் உடுத்தும் பருத்தியும் பட்டும், உண்ணும் மாவுப்பொருளும், நம் உடலின் புரதமும் இறைவன் படைத்த பாலிமர்களே.

இவ்வளவு நீண்ட மூலக்கூறுகள் இருக்க முடியும் என்பதை அறிஞர்களே முதலில் நம்பவில்லை. 1920இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் இக்கருத்தை எழுதியபோது பலர் எதிர்த்தனர். அவருக்கு நோபல் பரிசு 1953இல்தான் வந்தது. இதற்கிடையில் 1935இல் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் நைலானைப் படைத்து, மனிதனும் நெடுஞ்சங்கிலிகளைக் கோக்க முடியும் என்று காட்டினார். அந்த மரபில்தான் குவோலெக் வந்து சேர்ந்தார்.

நைலான் கயிற்று வித்தை

அக்காலத்தில் நைலானைச் செய்ய இருநூறு பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் தேவைப்பட்டது. அவ்வளவு சூட்டைத் தாங்காமல் சிதையும் பொருள்களைக் கொண்டு பாலிமர் செய்ய இயலவில்லை. சாதாரண வெப்பநிலையிலேயே சங்கிலி கோக்கும் முறைகளைக் குவோலெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்தனர். 1959இல் அவரும் பால் மார்கன் என்ற அறிஞரும் வேதியியல் ஆசிரியர்களுக்கான இதழ் ஒன்றில் 'நைலான் கயிற்று வித்தை' என்ற பெயரில் கட்டுரை வெளியிட்டனர். இந்தியக் கயிற்று வித்தை என்று மேல்நாட்டார் வியந்து பேசும் செப்படி வித்தையை நினைவூட்டும் பெயர் இது.

வித்தை மிக எளிது. ஒரு முகவையில் நீருடன் கலவாத கரைப்பான் ஒன்றில் ஒரு பொருளைக் கரைத்து வைக்கிறார்கள். அதன்மேல் இன்னொரு பொருள் கரைந்த நீரை மெல்ல ஊற்றுகிறார்கள். இரு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் பாலாடை போல மெல்லிய படலம் உண்டாகிறது. அது நைலான்! அதை இடுக்கியால் பற்றி மேலே தூக்கினால் கயிறு போல நீண்டு வந்துகொண்டே இருக்கும். எடுக்க எடுக்க அடியில் புதுப் படலம் பிறக்கும். அடுப்பில்லை, அழுத்தக் கலன் இல்லை. உலகெங்கும் எண்ணற்ற வகுப்பறைகளில் ஆசிரியர்கள் இதைச் செய்துகாட்டி வருகிறார்கள். இதைக் கண்டு வியந்து வேதியியலை விரும்பிய பிள்ளைகள் எத்தனை பேரோ! அந்தக் கணக்கை எந்த அளவுகோல் சொல்லும்?

மோர் போன்ற கரைசல்

1964இல் குவோலெக்கின் குழுவுக்குப் புதிய பணி தரப்பட்டது. எதிர்காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வரலாம் என்று அஞ்சினர். மோட்டார் வண்டியின் டயருக்குள் வலுவூட்ட, எஃகினும் இலேசான, உறுதியான இழை கிடைத்தால் வண்டியின் எடை குறையும், எரிபொருளும் மிச்சமாகும். அத்தகைய இழையைத் தேடும் பணி அது. வளையாத விறைப்பான மூலக்கூறுகளைக் கொண்ட பாலிமர்களை அவர் ஆராயத் தொடங்கினார்.

இழை நூற்பதற்கு முதலில் பாலிமரைக் கரைசலாக்க வேண்டும். வழக்கமான பாலிமர்க் கரைசல் தேனைப் போலத் தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும். 1965இல் குவோலெக் செய்த ஒரு கரைசலோ நீரைப் போல ஓடியது. மோரைப் போலக் கலங்கியிருந்தது. கலக்கினால் வெண்முத்துப் போலப் பளபளத்தது. பார்ப்பவர் எவருக்கும் அது கெட்டுப்போன கரைசலாகவே தோன்றும். தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே இயல்பு. அவர் கொட்டவில்லை. தூசியோ கரையாத துகளோ கலந்திருக்கிறதா என்று அறிய வடிகட்டிப் பார்த்தார். வடிகட்டிய பின்பும் கலங்கலாகவே இருந்தது. அப்படியானால் கலங்கல் அழுக்கினால் வந்ததன்று, கரைசலின் இயல்பே அதுதான் என்று கண்டுகொண்டார்.

நூற்கும் பொறியின் பொறுப்பாளர் அதை நூற்க மறுத்தார். துகள்கள் பொறியின் நுண்துளைகளை அடைத்துவிடும் என்பது அவர் அச்சம். அதில் தவறில்லை, பொறியைக் காப்பது அவர் கடமை. குவோலெக் விடாமல் எடுத்துரைத்து இறுதியில் இசையச் செய்தார். கரைசல் தடையின்றி நூற்கப்பட்டது. வந்த இழையை இழுத்தால் நைலான் போல எளிதில் அறவில்லை. சோதனைக்கு அனுப்பினார். வலிமையையும் விறைப்பையும் காட்டிய எண்கள் நம்ப முடியாதவையாக இருந்தன. அப்போதும் அவர் ஆர்ப்பரித்து ஓடவில்லை. ஏதேனும் பிழை நேர்ந்திருக்கலாம் என்று மறுபடி மறுபடி சோதனைக்கு அனுப்பினார். ஒவ்வொரு முறையும் அதே விடை வந்த பின்னரே மேலதிகாரிகளுக்கு அறிவித்தார்.

கட்டுவோர் வேண்டாமென்று தள்ளிய கல் மூலைக்கல்லான செய்தியைத் திருப்பாடலில் வாசிக்கிறோம் அல்லவா? கொட்ட வேண்டிய கலங்கல் என்று தோன்றிய கரைசலும் அப்படித்தான் ஆயிற்று.

இடியாப்பமும் ஈர்க்குச்சியும்

இந்த அதிசயத்தின் காரணம் என்ன? நைலானின் மூலக்கூறுகள் வளைந்து நெளியக் கூடியவை. கரைசலில் அவை இடியாப்பம் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். குவோலெக்கின் மூலக்கூறுகளோ ஈர்க்குச்சி போன்றவை. ஒரு பாத்திரத்தில் ஈர்க்குச்சிகளை நெருக்கமாக இட்டால் குறுக்கும் நெடுக்குமாக நிற்க இடமிராது. ஒரே திசை நோக்கிக் கத்தை கத்தையாகப் படுத்துக்கொள்ளும். இவ்வாறு நீர்மமாக இருந்தும் படிகம் போல ஒழுங்குபட்டு நிற்கும் நிலைக்கு நீர்மப் படிகம் என்று பெயர். கரைசலின் கலங்கலும் பளபளப்பும் அந்த ஒழுங்கின் அடையாளங்களே.

இக்கரைசலை இடியாப்ப அச்சு போன்ற நுண்துளைத் தட்டின் வழியே பிழியும்போது கத்தைகள் எல்லாம் இழையின் நீளத்துக்கு இணையாக அணிவகுக்கின்றன. அடுத்தடுத்து நிற்கும் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுகப் பற்றிக்கொள்கின்றன. விளைந்த இழை, எடைக்கு எடை ஒப்பிட்டால், எஃகைவிட ஐந்து மடங்கு வலிமையுடையது. அவர் முதலில் கண்ட பாலிமருக்கு நெருங்கிய உறவான, செலவு குறைந்த இன்னொரு பாலிமரைப் பின்னர் தேர்ந்தெடுத்தனர். நூற்கும் முறையையும் வேறு அறிஞர்கள் செம்மைப்படுத்தினர். 1971இல் கெவ்லார் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது.

எதற்காகத் தேடினார்களோ அந்த டயருக்கு மட்டுமன்றி, கண்ணாடி இழை வடங்கள், கப்பற்கயிறுகள், விமானப் பகுதிகள், தீயணைப்போர் உடை, கைகளைக் காக்கும் கையுறை என எத்தனையோ பொருள்களுக்கு அது பயன்பட்டது. எல்லாவற்றிலும் புகழ் பெற்றது குண்டு துளைக்காத மார்புக்கவசம். ஆயிரக்கணக்கான காவலர்கள் அதனால் உயிர் பிழைத்து வீடு திரும்பியிருக்கிறார்கள். கெவ்லாருக்குக் குறைகளும் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர்களால் வலிமை குன்றும். இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு அமுக்குவிசையைத் தாங்காது. போர்க்களத்திலும் அது பயன்படுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கும் அதன் தொழில் காப்பதே.

புலமையை எப்படி அளப்பது?

விறைப்பான மூலக்கூறுகள் கரைசலில் தாமே ஒழுங்குபடும் என்பதை லார்ஸ் ஆன்சாகர் 1949இலும் பால் ஃபுளோரி 1956இலும் கணக்கின் வழியே காட்டியிருந்தனர். இருவரும் பின்னர் நோபல் பரிசு பெற்ற மேதைகள். ஏட்டில் இருந்த அந்தக் கருத்தை உலகம் பயன்படுத்தும் இழையாக்க வழி திறந்தது குவோலெக் கொட்டாமல் காத்த கரைசல். அதன்பின் நீர்மப் படிகப் பாலிமர்கள் என்ற ஆராய்ச்சித் துறை விரிந்து தழைத்தது. பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அதில் ஈடுபட்டன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1965இல் கண்டதைப் பற்றி அவரும் உடன்பணியாளரும் ஆராய்ச்சி இதழில் விரிவான கட்டுரை வெளியிட்டது 1977இல்தான். தொழில் நிறுவனத்தில் காப்புரிமைக்கே முதலிடம், கட்டுரை பிறகுதான். ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணும் அளவுகோலைக் கொண்டு 1970இல் அவரை யாரேனும் அளந்திருந்தால், பெரிதாக ஒன்றும் செய்யாதவர் என்று முடிவு கட்டியிருப்பர். அவருக்கு முனைவர் பட்டமும் இல்லை. இளநிலைப் பட்டம் ஒன்றே அவர் படித்துப் பெற்றது. கெவ்லாரின் காப்புரிமையையும் நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அது ஈட்டிய பெருஞ்செல்வம் அவர் கைக்கு வரவில்லை.

பெருமைகள் தாமதமாக வந்தன. 1986இல் ஓய்வு பெற்றார். 1995இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் பேரவையில் இடம் பெற்றார். அந்தப் பெருமை பெற்ற நான்காவது பெண் அவர். 1996இல் தொழில்நுட்பத்துக்கான தேசியப் பதக்கமும், 1997இல் பெர்க்கின் பதக்கமும் கிடைத்தன. ஓய்வுக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து, சிறப்பாகப் பெண்பிள்ளைகளை அறிவியலுக்கு ஊக்கினார். 2014 ஜூன் 18ஆம் நாள், தம் 90ஆம் வயதில் காலமானார்.

நம் ஆய்வுக்கூடங்களில்

இனி நம் கதைக்கு வருவோம். உப்புப் பகுப்பாய்வு நடக்கும் நாளில் ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே 'இன்று என்ன உப்பு?' என்ற முணுமுணுப்பு எழுவது பல பள்ளிகளில் வழக்கம். விடை தெரிந்துவிட்டால் குழாயில் நிறம் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? வராத வெண்ணிற வீழ்படிவு குறிப்பேட்டில் வந்துவிடும். தரம்பார்த்தலின்போது பியூரெட்டில் 20.4 என்று கண்டவள், பக்கத்து மேசைத் தோழி 19.8 என்று எழுதியிருப்பதைக் கண்டு அழிப்பானைத் தேடுகிறாள். மூன்று முறை செய்ய வேண்டியதை ஒரு முறை செய்து, மூன்று வரிசைகளை நிரப்பிவிடுகிறாள்.

தோழியின் எண்தான் சரியென்று யார் சொன்னது? தோழியின் பியூரெட் முனையில் காற்றுக்குமிழ் இருந்திருக்கலாம். இவள் கண்ணை நேர்மட்டத்தில் வைக்காமல் பார்த்திருக்கலாம். இந்தக் காரணத்தைத் தேடுவதுதான் அறிவியல். எண்ணை அழித்த கணமே அந்தத் தேடல் செத்துவிடுகிறது. ஆள் யார் என்று பாராமல் பொருளின் மெய்யைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்ததை மனப்பாடம் செய்யும் நாம், ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடுகிறோம். பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை நமக்கு நன்றாகத் தெரியும். காணாத வீழ்படிவைக் கண்டதாக எழுதுவது, இறைவனின் படைப்பைப் பற்றியே சொல்லும் பொய்ச்சாட்சி அல்லவா?

இதற்கு மாணவியரை மட்டும் கடிந்துகொள்ள மாட்டேன். சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் தந்தால், விடையை மட்டுமே அவர்கள் நாடுவார்கள். 'அரசுப் பொதுத்தேர்வில் தவறான அளவீட்டை நேர்மையாக எழுதினால் மதிப்பெண் போய்விடுமே, என் மகளின் எதிர்காலம் என்னாவது?' என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொதுத்தேர்வு ஆண்டில் ஒரு நாள். மற்ற நாள்களெல்லாம் நம் கையில் இருக்கின்றன. அந்நாள்களில் தன் பிழையைத் தானே கண்டு, காரணம் தேடி, மறுபடி செய்து பழகியவளுக்குத் தேர்வு நாளில் கை நடுங்காது. பிறர் எண்ணை எழுதியே பழகியவளுக்குத்தான் அன்று பக்கத்து மேசை தேவைப்படும்.

ஆகவே மூன்று யோசனைகளை அருட்சகோதரியர், ஆசிரியையர், பெற்றோர் முன் வைக்கிறேன். முதலாவது, ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு 'எதிர்பாராதவை' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் விடுவோம். எது புத்தகத்தில் உள்ளபடி வரவில்லை, அதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம் என்று மாணவி அதில் எழுதட்டும். பள்ளிக்குள் தரும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குவோம். இரண்டாவது, முதன்முறை சரியாக வராத சோதனையை மறுபடி செய்ய வாரத்தில் ஒரு மாலை ஆய்வுக்கூடத்தைத் திறந்துவைப்போம். மூன்றாவது, மாலையில் வீடு திரும்பும் மகளிடம் 'எத்தனை மார்க்?' என்று கேட்கும் பெற்றோர், 'இன்று என்ன கண்டாய்?' என்றும் கேட்கட்டும்.

மாணவியரே, ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கலங்கிய கரைசல் எல்லாம் கெவ்லார் ஆகிவிடாது. நூற்றில் தொண்ணூற்றொன்பது, கழுவாத சோதனைக்குழாயின் வேலையாகத்தான் இருக்கும்! 'எனக்கு இப்படித்தான் வந்தது' என்று முரண்டு பிடிப்பது நேர்மை ஆகாது. குவோலெக் வடிகட்டிப் பார்த்தார், மீண்டும் மீண்டும் சோதித்தார், தம் கண்ணையே சந்தேகித்தார். அந்தப் பொறுமையும் சேர்ந்தால்தான் நேர்மை முழுமை பெறும். குறையின்றி முடிக்கும் வரை கீழே வைக்காதே என்று பழகிய அந்தத் தையற்காரச் சிறுமியின் கைகளே அந்தப் பொறுமையைக் கற்றுத் தந்தன.

நம் பள்ளியிலிருந்து நாளை எத்தனை விஞ்ஞானிகள் வருவார்கள் என்று நான் அறியேன். மருத்துவராக, செவிலியாக, ஆசிரியையாக, துறவியாக, இல்லத்தரசியாக நீங்கள் எங்குச் சென்றாலும், பிறர் எதிர்பார்த்தது ஒன்றாகவும் நீங்கள் கண்டது வேறொன்றாகவும் இருக்கும் வேளை கட்டாயம் வரும். அப்போது அழிப்பானைத் தேடாதீர்கள். வடிகட்டிப் பாருங்கள், மறுபடி பாருங்கள், பிறகும் அதுவே நின்றால் அஞ்சாமல் சொல்லுங்கள். அந்தத் துணிவை உண்மையே உருவான ஆண்டவர் உங்கள் அனைவருக்கும் அருள்வாராக!